மாடிவீட்டுத் தொரை தாத்தாவும் டீச்சர் பாட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை மாடிப் போர்ஷனைப் பார்க்க ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். எல்லாம் பிடித்துப்போய் அட்வான்ஸ் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. கடைசியில் அந்த அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இது என்னங்க, ஜெயில்ல கோடு போட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்டார். நாலு கோடு நிற்கவைத்து ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, வரிசை வரிசையாகப் பென்சிலில் போட்டது. 2019 கோடையில் மெட்ரோ வாட்டர் லாரி எங்கள் தெருவுக்கு எத்தனை தடவை வந்தது என்று மாடிவீட்டுத் தாத்தா வைத்த கணக்கு அது. பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோதுகூட அந்த ஒரு முழம் சுவரை விட்டுவிடச் சொன்னேன். ஏன் என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்து அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம், பாதிக் கதைகூட முடியவில்லை. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு நடக்கிற தூரம். 2018 ஜனவரியில் பக்கத்துச் சர்ச் ஆயர் வந்து, ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வயதான மிஷனரி தம்பதி வருகிறார்கள், மாடியைக் கொடுப்பீர்களா என்று கேட்டார். அவருக்கு 72, அந்த அம்மாவுக்கு 70. எங்கள் வீட்டுப் படிக்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாற்பது வயதுக்காரனே பாதியில் நின்று மூச்சு வாங்குவான். அதைச் சொன்னேன். அவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு, மொட்டைமாடியிலிருந்து தூரத்தில் ஹார்பர் கிரேன் தெரிகிறது, அது போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

மிஷனரி என்றதும் எனக்கு மனதில் வந்தது வெள்ளை அங்கி, கையில் துண்டுப் பிரசுரம். எதிர்வீட்டுக்காரம்மா நேராகவே கேட்டார், "மதம் மாத்த வந்திருக்காங்களா? உன்னயே மாத்திடப் போறாங்க பாத்துக்க" என்று. எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றாமல் வெள்ளிக்கிழமை போனதில்லை, எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். அதே சமயம் நான் பிறந்ததே ரெய்னி ஆஸ்பத்திரியில். 1888இல் மெட்ராஸுக்கு வந்த மெட்டில்டா மக்ஃபெயில் என்கிற ஸ்காட்லாந்து டாக்டரம்மா தன் வீட்டிலேயே தொடங்கிய மருந்தகம்தான் பின்னால் அந்த ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. கிட்டத்தட்ட 40 வருடம் இங்கேயே இருந்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு ஸ்காட்லாந்துக்காரருக்கு வீடு கிடையாது என்று எந்த வாயால் சொல்வது? சரி, வரட்டும் என்றேன். (வாடகையும் ஒழுங்காக வரும் என்று எங்க வீட்டுக்காரர் சொன்னதையும் மறைக்க வேண்டாம்.)

வந்த அன்றைக்கே வேலை எனக்குத்தான். வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுச் சொந்தக்காரர் ஃபார்ம் சி போட வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியும். பிரவுசிங் சென்டர் பையனும் நானும் ராத்திரி பத்து மணிவரை அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டினோம். அவர்கள் விசாவிலேயே 'மிஷனரி' என்றுதான் போட்டிருந்தது, அதற்கென்று தனி விசா இருக்கிறதாம். அதற்குத் தனியாகப் பதிவு, அதற்கு ஒரு கட்டுக் காகிதம், வாடகை ஒப்பந்தம், என் கரண்ட் பில். 'ஊழியம்' என்று எல்லோரும் பெரிய வார்த்தையாகச் சொல்கிறார்கள், முதல் மாதம் முழுக்க அவர்கள் செய்த ஊழியம் ஜெராக்ஸ் எடுத்ததுதான்.

அப்புறம் என்னதான் செய்தார்கள் என்றால், பாட்டி காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் பிள்ளைகள் விடுதிக்குப் போய் இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவர். தாத்தா அதே விடுதியின் கணக்கு எழுதுவார். சம்பளம் கிடையாது, சாப்பாடு வாடகை எல்லாம் அவர்கள் பென்ஷனிலிருந்து. மதியம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் இரண்டு பேரும் ஃபேனுக்கு அடியில் அசையாமல் படுத்துக்கொள்வார்கள், நாலு மணிவரை மாடியில் சத்தமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச். மற்ற நேரமெல்லாம் மாத்திரை டப்பா, துணி துவைத்தல், தண்ணீர் காய்ச்சுதல், கொசுவலை ஓட்டை தைத்தல், முட்டிக்கு எண்ணெய். நானும் ஒரு வருடம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், யாரையும் மதம் மாற்றவில்லை. என் வீட்டுக்காரரின் ரம்மி ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினார்கள், பைசா வைத்து ஆடக்கூடாதாம்.

தாத்தாவின் ஊர் பீட்டர்ஹெட், ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் பெரிய மீன்பிடித் துறைமுகம். அங்கே மீன் ஏலக் கடையில் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவர். அப்படிப்பட்ட மனுஷனைக் கொண்டுவந்து ராயபுரத்தில் விட்டால் அவர் கால் எங்கே போகும்? வந்த மூன்றாவது நாள் விடியற்காலை நாலு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் காசிமேடு போய்விட்டார். பாட்டி நைட்டியோடு கீழே வந்து என் கதவைத் தட்டுகிறார், என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனால், ஏலம் விடுகிற இடத்தில் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு யார் என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனால் ஏலம் எப்போது முடிந்தது என்பது அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. கையில் ஒரு பை கானாங்கத்தை. முதுகில் கோடு போட்ட அந்த மீனைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்ததாம், அவர்கள் கடலிலும் அதே சாதி மீன் உண்டு. பாட்டி அதை ஓட்ஸில் புரட்டி வறுத்து ஒரு தட்டு கீழே அனுப்பினார். மிளகாய்த்தூள் இல்லாத வறுத்த மீனை என் வீட்டுக்காரர் முதன்முதலாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். எதுவும் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் தேடினார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வந்தபோது தாத்தாவுக்கு ஒரே யோசனை. அவர்கள் ஊரில் இன்ன மீன் இவ்வளவு டன்தான் பிடிக்கலாம் என்று எடையில் கட்டுப்பாடாம், இங்கே நாளில் கட்டுப்பாடு. எது நல்லது என்று அவரும் மீன் விற்கிற அக்காவும் கை ஜாடையிலேயே அரை மணி நேரம் வாதாடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மொழி ஒரு தனிக் கதை. வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்து தமிழ் சொல்லிக்கொடுத்தார், சுத்தமான தமிழ். தாத்தா மார்க்கெட்டில் போய் "நான் இந்த மீனை வாங்க விரும்புகிறேன்" என்று சொன்னதும் கடைக்காரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "இன்னா தொரை, நாடகமா?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து தெருவில் அவர் தொரை தாத்தா. பாட்டி, டீச்சர் பாட்டி. தாத்தா பதிலுக்குக் கற்றுக்கொண்ட ஒரே மரியாதை வார்த்தை 'அக்கா'. என்னை அக்கா என்பார், என் பெண்ணை அக்கா என்பார், பால் பாக்கெட் போடுகிற பதினெட்டு வயதுப் பெண்ணும் அக்காதான். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர் அக்கா என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பழகிவிட்டது.

அவர் பேசுகிற இங்கிலீஷும் வாத்தியாருக்குப் புரியவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர்கள் பக்கத்துப் பேச்சு தனியாம். 'எப்படி இருக்கே' என்பதற்கு 'ஃபிட் லைக்' என்பார்கள், பையனுக்கு 'லூன்', பெண்ணுக்கு 'குவைன்'. எடின்பரோக்காரர்களே அதைக் கேட்டுச் சிரிப்பார்களாம். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்டையார்பேட்டை யார்டில் முப்பத்தைந்து வருடம் ரயில்வே வேலை பார்த்தவர், 'குந்து', 'நாஸ்டா', 'இஸ்துகினு' என்று பேசுவதற்காக மயிலாப்பூர் ஆபீசர்களிடம் கேலி வாங்கியே ரிட்டயர் ஆனவர். மறுநாளிலிருந்து காலையில் இவர் கீழேயிருந்து "ஃபிட் லைக்" என்று கத்துவார், அவர் மேலேயிருந்து "நாஸ்டா ஆச்சா?" என்று கத்துவார். தெருவுக்கே அலாரம்.

நாஸ்டா என்றால் அவருக்கு ஓட்ஸ் கஞ்சி, அதில் சர்க்கரை போடமாட்டார், உப்பு. இது தெரிந்ததும் எனக்கு அவர்கள்மேல் இருந்த பாதிப் பயம் போய்விட்டது, கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிறவன் எப்படி அந்நியன் ஆவான்? ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். கூப்பிடலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில், பாட்டி தானே ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார். கோவிலுக்குள் வரவில்லை, வரமாட்டார்கள் என்று தெரியும், நாங்களும் கூப்பிடவில்லை. வெளியிலேயே நின்று கூழைக் குடித்துவிட்டு, வெங்காயம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டுக்காரம்மாதான் கரண்டியோடு நின்றிருந்தார், அதற்கப்புறம் மதம் பற்றிய பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கொடுத்தால் வாங்கத் தெரியாது. ஒரு கிண்ணம் சாம்பார் அனுப்பினால் மறுநாள் காலையில் அந்தக் கிண்ணத்தில் வெண்ணெய் பிஸ்கட் திரும்பி வரும். எங்களுக்கும் பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்று உண்டுதான், ஒரு பிடி சர்க்கரையோ நாலு பழமோ போட்டுக் கொடுப்போம். ஆனால் அது என்றைக்காவது, சாவகாசமாக. இவர்கள் கடன் அடைக்கிற மாதிரி. எவ்வளவு வாங்கினோமோ அவ்வளவு, 24 மணி நேரத்துக்குள், ஃபார்ம் சி போல. ஒருநாள் பாட்டி படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. தெருவே ஓடிவந்தது, பாதிப் பேர் புத்தூர் கட்டு போடச் சொல்கிறார்கள், பாதிப் பேர் ஆஸ்பத்திரி என்கிறார்கள், கடைசியில் முனை ஆட்டோக்கார தம்பி தூக்கிக்கொண்டு போய் மாவுக்கட்டு போட்டுக் கூட்டிவந்தான். காசு வேண்டாம் என்றுவிட்டான். பாட்டிக்கு அன்றைக்கு ராத்திரி வலியைவிட அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாள் தாத்தா ஆட்டோ ஸ்டாண்டுக்கே போய் அவன் சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாயைத் திணிக்க, அந்தத் தம்பி ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. மனசு விட்டுப்போச்சு அவனுக்கு. நான் தாத்தாவிடம் சொன்னேன், "நீங்க உதவி செய்ய வந்தவங்கதான், அதுக்காக மத்தவங்க செய்றத விலை போட்டுடாதீங்க" என்று. என் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். கொஞ்சம் மழுப்பித்தான் சொல்லியிருப்பாள்.

2019 கோடையை மறக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வறண்டுபோய், குழாயில் காற்றுதான் வந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, 50 வேகன், 25 லட்சம் லிட்டர், வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள், என் வீட்டுக்காரர் தானே வண்டியை ஓட்டி வந்த மாதிரி இரண்டு நாள் பெருமை பேசினார். எங்கள் தெருவுக்கு லாரி. எப்போது வரும் என்று தெரியாது, ராத்திரி இரண்டு மணிக்கும் வரும். தாத்தாவின் குடம் பச்சை, பாட்டியுடையது ஆரஞ்சு. இரண்டையும் வரிசையில் வைத்துவிட்டு, 73 வயதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி வழிவார். ஸ்காட்லாந்தில் மழை எப்போது நிற்கும் என்று காத்திருப்பார்களாம், இங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன்கள் குடத்தைத் தூக்கி மாடியில் வைக்கிறோம் என்பார்கள், விடமாட்டார். அரைக் குடமாகப் பிடித்து, படிக்கு ஒரு தடவை நின்று நின்று தானே தூக்குவார். அந்தக் கோடுகள் அப்போது போட்டவைதான்.

அதே ஜூனில்தான் பாட்டியின் தங்கை ஊரில் இறந்துபோனார். டிக்கெட் விலையும் நாளும் ஒத்துவரவில்லை, போக முடியவில்லை. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் மதியம் மூன்று மணிக்குப் பேரப்பிள்ளைகள் போன் பண்ணுவார்கள். குளிர்காலத்தில் அது நமக்கு எட்டரை, மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்ததும் ஏழரை. அந்தப் போன் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இந்தத் தடவை சத்தமே இல்லை. மொட்டைமாடியில் சிக்னல் நன்றாக வரும் என்று துணி காயப்போடுகிற கொடிக்கு அடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் அடக்கத்தைப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் சாவு என்றால் பறை, பூ, கானா, விடிய விடிய ஆள். அங்கே இருபது பேர் கறுப்பு உடுப்பில், ஒரு பாட்டு, அவ்வளவுதான். நான் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனவள், என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அதனால் மூன்று நாளும் சாப்பாடு நான்தான் அனுப்பினேன். மூன்றாம் நாள் பாத்திரத்தை பிஸ்கட் போட்டு நிரப்பிக்கொண்டு பாட்டி வந்தபோது, கதவிலேயே நிறுத்தி, இந்தச் சாப்பாட்டுக்குத் திருப்பித் தரக்கூடாது பாட்டி என்று சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. பாத்திரத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு மேலே போய், பாத்திரத்தை மட்டும் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பென்ஷன் கதையைச் சொல்லாமல் விட்டால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். ரயில்வே பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். அதைச் சலித்துக்கொண்டே தாத்தாவிடம் சொல்ல, அவர் மேலே போய் ஒரு கவரைக் கொண்டுவந்தார். பிரிட்டனிலும் அதே கதைதான், வெளிநாட்டில் இருக்கும் பென்ஷன்காரர்களுக்குத் தபாலில் படிவம் வருகிறது, சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். இரண்டு கிழவர்களும் ஒரே பேனாவோடு கிளம்பிப் போனார்கள், நாங்கள் செத்துப்போகவில்லை என்று எழுதிக்கொடுக்க. ஆனால் ஒரு வித்தியாசம். எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சப்படி ஏறும். அவர்களுக்கு இந்தியாவில் குடியிருந்தால் வருடாந்திர உயர்வு கிடையாது, வந்த வருடம் என்ன தொகையோ அதிலேயே உறைந்து நின்றுவிடும். சில நாடுகளில் இருந்தால் ஏறும், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இது தெரிந்தேதான் வந்தீர்களா என்று கேட்டேன். "தெரியும் அக்கா" என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு அவரிடம் ரம்மியில் வேண்டுமென்றே தோற்றார் என்று நினைக்கிறேன், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பிள்ளைகள் தினமும் போனில் அழுகிறார்கள், வந்துவிடுங்கள் என்று. இவர்களோ, இந்த வயதில் பத்து மணி நேரம் விமானத்தில் அடைந்து உட்காருவது அதைவிட ஆபத்து என்று இருந்துவிட்டார்கள். மே மாதம் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் எண்ணிக்கை அதிகம், டிவியில் எங்கள் பேரைச் சொல்லாத நாளே இல்லை. தெரு முனையில் தகரம் அடித்தார்கள். கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், தாத்தா அதைக் குடித்துவிட்டுக் காட்டிய முகத்தை என் பெண் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். காசிமேடு கிடையாது, விடுதி மூடியாயிற்று, சேவை செய்ய வந்தவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. அந்த ஆட்டோக்காரத் தம்பிதான் (ஆமாம், அதே தம்பிதான்) எங்கிருந்தோ காய்கறி பிடித்துவந்து கயிற்றில் கட்டிய கூடையில் வைப்பான், பாட்டி மேலேயிருந்து இழுத்துக்கொள்வார். நானும் சமைத்ததை அதே கூடையில் வைப்பேன். எங்கள் தெருக் கடையிலும் ஒன்றும் கிடைக்காது, வெண்ணெய் கிடையாது, மைதா கிடையாது, கூடை வெறுமனேதான் கீழே இறங்கும். ஒருநாள் சாயங்காலம் மேலேயிருந்து தாத்தா, "அக்கா! கொஞ்சம் உப்பு இருக்கா?" என்றார். இரண்டரை வருடத்தில் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் உப்பு ஜாடியையே தூக்கி வைத்துவிட்டேன்.

2021 மார்ச்சில் கிளம்பினார்கள். விசா முடியப்போகிறது, முட்டியும் முடியவில்லை என்றது. கிளம்புவதற்கு முன்னால், புதிதாக ஓட ஆரம்பித்திருந்த மெட்ரோவில் விம்கோ நகர் வரைக்கும் இரண்டு தடவை போய்வந்தார்கள், வேலை எதுவும் இல்லை, சும்மா ஜன்னலோரம் உட்கார. பச்சைக் குடத்தை எனக்கும் ஆரஞ்சை எதிர்வீட்டுக்காரம்மாவுக்கும் கொடுத்தார்கள்.

போர்ஷனைக் கூட்டும்போதுதான் அந்தச் சுவரை நன்றாகப் பார்த்தேன். தண்ணீர்க் கோடுகளுக்குக் கீழே இன்னொரு வரிசை, தலைப்பில் கோணல்மாணலாக 'அ' என்று எழுதியிருந்தது. முதலில் புரியவில்லை. அப்புறம் பிஸ்கட் ஞாபகம் வந்தது. கீழேயிருந்து போன ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கோடு, திருப்பிக் கொடுத்ததும் அதன்மேல் ஒரு சின்ன டிக். கணக்குப்பிள்ளை புத்தி! தங்கை செத்த மூன்று நாளும் கோடு இருக்கிறது, டிக் இல்லை. ஊரடங்கில் கொஞ்ச தூரம் டிக் இல்லாமலே கோடு ஓடி, ஒரு இடத்தில் கோடும் நின்றுவிட்டது. அதற்கப்புறமும் பத்து மாதம் இங்கேதான் இருந்தார்கள், கிண்ணம் போகாத நாள் குறைவு.

ஊருக்குப் போனதும் பென்ஷன் இப்போதைய தொகைக்கு ஏறிவிட்டதாம், அந்தச் சந்தோஷத்தில் முதல் வாய்ஸ் மெசேஜ் என் வீட்டுக்காரருக்குத்தான். நவம்பர் வந்தால் இன்னமும் தாத்தா கூப்பிடுவார், "அண்ணே, கையெழுத்து போட்டாச்சா?" என்று. இப்போது இவருக்குக் கையெழுத்தெல்லாம் இல்லை, என் பெண்ணின் போனில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதும், உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. போன நவம்பரில் அதை வீடியோ காலில் தாத்தாவுக்குச் செய்து காட்டினார். அந்தப் பக்கம் தாத்தாவும் பாட்டியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் கண்ணைச் சிமிட்டினார்கள்.